ஒரே மாத்திரை, இரண்டு பெயர்கள்: பராமரிப்பு இல்லத்தில் அம்மாவின் மருந்துக் கணக்கை யார் பார்ப்பது?

கடைக்குட்டி மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே வாசிக்கிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 79 வயது. மூன்று ஆண்டுகளாகப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருக்கிறார். சென்ற மாதம் நுரையீரல் தொற்று வந்து 11 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு இல்லத்துக்குத் திரும்பினார். திரும்பிய நான்காம் நாள் கணுக்கால் வீங்கத் தொடங்கியது. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றார். "படுத்தே கிடந்த உடம்பு, வயதும் ஆகிவிட்டது, போகப் போகச் சரியாகும்" என்றார்கள். ஒன்பதாம் நாள் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. வீக்கத்துக்கு நீர் மாத்திரை தொடங்கலாமா என்று மறுநாள் மருத்துவரிடம் கேட்கப்போவதாகச் சொன்னார்கள்.

அன்று மாலை அம்மாவின் மாத்திரை அட்டைகளை எல்லாம் கேட்டு வாங்கி, கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்தேன். பழைய இரத்த அழுத்த மாத்திரை ஒன்று. மருத்துவமனையிலிருந்து வந்தபின் வாங்கிய புதியது ஒன்று. பெட்டியின் நிறம் வேறு, பெயர் வேறு, மாத்திரையின் வடிவம்கூட வேறு. ஆனால் பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் இருந்தது ஒரே சொல்: அம்லோடிபின், 5 மில்லிகிராம். ஒன்பது நாளாக அம்மா நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் விழுங்கியிருக்கிறார்.

மருத்துவமனைச் சீட்டில் பிழை இல்லை, அவர்கள் பொதுப்பெயரில் எழுதியிருந்தார்கள். மருந்துக் கடை சீட்டில் உள்ளதைக் கொடுத்தது. இல்லத்தின் அட்டவணையில் பழைய மாத்திரை பிராண்டு பெயரில் இருந்தது. புதியதை அதன் அடியில் சேர்த்தார்கள். யாரும் அலட்சியமாக இருந்ததாகத் தெரியவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்திருக்கிறார்கள். அம்மாவோ தரையில் கிடந்தார்.

எனக்கு இரண்டு கேள்விகள். வாரம் இரண்டு முறை மட்டும் போய்வரும் மகள் எதையெல்லாம் பார்க்க வேண்டும், எதையெல்லாம் கேட்கலாம்? மருந்து வாங்கும் பொறுப்பை இல்லத்திடமே விடுவதா, நானே எடுத்துக்கொள்வதா? அங்கே பணிபுரிபவர்களைப் பகைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அம்மாவை இரவும் பகலும் பார்த்துக்கொள்வது அவர்கள்தான்.


இரவுப்பணி எழுதியது:

சகோதரி, அட்டைகளைப் பரப்பிப் பார்த்தீர்களே, அந்த ஒரு காரியத்துக்காகவே உங்களை வணங்குகிறேன்.

நான் 14 ஆண்டுகளாக முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் இரவு நேரப் பணி. மருந்துத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் ஆள் நான்தான், அதனால் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் பயிற்சியில் மனப்பாடமாகச் சொல்ல வைப்பார்கள். நானும் சொன்னேன். ஆனாலும் எனக்குத் தவறு நேர்ந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரே பெயர் கொண்ட இரண்டு பெரியவர்கள் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். அன்றைக்கு ஒருவரை அறை மாற்றியிருந்தார்கள். நான் பெயர் சொல்லி அழைத்தேன், அவர் "ஆமாம்" என்றார், கொடுத்துவிட்டேன். மறதி நோய் உள்ளவர் எந்தப் பெயர் சொன்னாலும் "ஆமாம்" என்பார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அவர் விழுங்கியது மற்றவருடைய சர்க்கரை மாத்திரை. உடனே மேற்பார்வையாளரிடம் சொன்னேன், மருத்துவரை அழைத்தோம், விடியும்வரை மணிக்கொரு முறை இரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். நான் அன்று சொல்லாமல் மறைத்திருந்தால் உறக்கத்திலேயே சர்க்கரை இறங்கியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு எங்கள் அட்டவணையின் ஒவ்வொரு தாளிலும் அவரவர் புகைப்படம் வந்தது. பிறந்த தேதி, ஒவ்வாமை இருந்தால் சிவப்பு எழுத்தில் அதுவும். உங்கள் அம்மாவின் தாளில் புகைப்படம் இருக்கிறதா, அது இப்போதைய முகமா என்று பாருங்கள். மூன்று ஆண்டு பழைய படத்தில் இருப்பவரை மெலிந்துபோன முகத்தோடு ஒப்பிடுவது கடினம்.

இன்னொன்று, கையெழுத்து எப்போது விழுகிறது என்பது. மாத்திரையைச் சிறு கிண்ணத்தில் போட்டதும் கையெழுத்திட்டுவிட்டு, மேசையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவது பல இடங்களில் நடக்கிறது. அந்தக் கையெழுத்துக்குப் பொருளே இல்லை. வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். நீங்கள் போகும் நேரத்தில் அம்மாவின் மேசையிலோ தலையணைக்கு அடியிலோ மாத்திரை கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால், தாளில் அந்த வேளைக்குக் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.


அளவுகோல் எழுதியது:

நான் மருந்தாளுநர். சில இல்லங்களுக்கு மருந்து வழங்குவதும், அவற்றின் அட்டவணைகளைச் சரிபார்ப்பதும் என் வேலை. சற்று நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது எங்களுக்கு நன்கு பழக்கமான விபத்து. அம்லோடிபினின் அளவு கூடினால் கால் வீங்கும், எழும்போது அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த வீக்கத்தைப் புதிய நோயாக எண்ணி நீர் மாத்திரை எழுதுவார்கள். நீர் மாத்திரையால் இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டிவரும், உப்புச்சத்து குறையும், மறுபடி விழுவார். ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மூன்றாவது என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும். நீங்கள் அதை முதல் கண்ணியிலேயே அறுத்துவிட்டீர்கள். ஒன்றை நிறுத்திய பிறகும் வீக்கம் உடனே வடியவில்லையே என்று கலங்க வேண்டாம். அம்லோடிபின் உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும்.

மருந்துகள் பெரும்பாலும் கை மாறும் இடத்தில்தான் தவறுகின்றன. மருத்துவமனையிலிருந்து இல்லத்துக்கு, மருத்துவரிடமிருந்து கடைக்கு, பகல் பணியாளரிடமிருந்து இரவுப் பணியாளருக்கு. இவற்றில் மிக ஆபத்தானது மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாள். அன்றைக்குச் செய்ய வேண்டியது புதிய மருந்துகளைப் பழைய தாளின் அடியில் சேர்ப்பது அல்ல. பழைய தாளை மூடிவிட வேண்டும். மருத்துவமனைக்குப் போகுமுன் என்னென்ன எடுத்தார், டிஸ்சார்ஜ் சம்மரியில் என்னென்ன இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து, ஒவ்வொரு மருந்துக்கும் "தொடர்கிறது, நிறுத்தப்பட்டது, அளவு மாறியது, புதியது" என்ற நான்கில் ஒன்றை எழுத வேண்டும். நிறுத்தப்பட்டதற்குக் காரணமும் வேண்டும். காரணம் இல்லாமல் ஒரு மருந்து பட்டியலில் காணாமல் போயிருந்தால், அது நிறுத்தப்பட்டதா அல்லது எழுத மறந்துபோனதா என்று மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். பிறகு பொதுப்பெயரில் புதிய தாள். பிராண்டு பெயர் வேண்டுமானால் பக்கத்தில் சிறிதாக இருக்கட்டும்.

2009இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்றை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். 55 இல்லங்களில் 256 முதியவர்களின் மருந்துகளை ஆராய்ந்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக 8 மருந்துகள். அவர்களில் 178 பேருக்குக் குறைந்தது ஒரு பிழையாவது இருந்தது. எழுதியதில், கடையில் எடுத்துக் கொடுத்ததில், இல்லத்தில் வழங்கியதில், இரத்தப் பரிசோதனையைத் தவறவிட்டதில் எனப் பிழைகள் எல்லாப் படிகளிலும் பரவியிருந்தன. ஒருவரைக் குற்றவாளியாக்கி அனுப்பிவிட்டால் இது தீரும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்களைத்தான் காட்டுவேன்.

சில மருந்துகளின் பெயரைப் பார்த்தாலே நீங்கள் எழுந்து உட்கார வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள். அதைத் தினமும் கொடுத்து உயிர் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. தாளில் "வாரம் ஒருமுறை" என்று மட்டும் எழுதினால் போதாது. கிழமையின் பெயரை எழுதி, மற்ற ஆறு நாள் கட்டங்களையும் கோடு போட்டு அடித்துவிட வேண்டும்.

வார்ஃபரின். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. இரத்தப் பரிசோதனை முடிவைப் பொறுத்து அளவு மாறிக்கொண்டே இருக்கும். மாற்றத்தைப் பெரும்பாலும் தொலைபேசியில் சொல்வார்கள். கேட்டவர் திருப்பிச் சொல்லிக்காட்ட வேண்டும், பக்கத்தில் இன்னொருவரும் கேட்க வேண்டும், எழுத்தில் உறுதிப்பாடு வாங்க வேண்டும்.

இன்சுலின். யூனிட் என்ற சொல்லுக்குப் பதிலாக அதன் ஆங்கில முதல் எழுத்தை மட்டும் எழுதினால் அது பூஜ்யம்போலத் தெரியும். 4 யூனிட், 40 ஆகிவிடும். முழுச் சொல்லாக எழுதச் சொல்லுங்கள். தசமப் புள்ளியும் இப்படித்தான். 1.0 என்று எழுதினால் 10 ஆகப் படிக்கப்படலாம், பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினால் 5 ஆகலாம். 1 என்றும் 0.5 என்றும் எழுதுவதே பாதுகாப்பு.


மூத்தவன் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். நீங்களே வாங்குங்கள். யாரையும் நம்பாதீர்கள்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை நாளுக்கு ஐந்து வேளை. ஒரு நீண்ட விடுமுறையின் முதல் நாள் மாலை எனக்கு அழைப்பு வந்தது. மாத்திரை தீர்ந்துவிட்டது, கடை இனி நான்கு நாள் கழித்துத்தான் திறக்கும் என்றார்கள். நான் அலைந்து திரிந்து வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மூன்று வேளை தவறிவிட்டது. அப்பா மரக்கட்டைபோல விறைத்துக் கிடந்தார். விழுங்கவும் முடியவில்லை. கண்ணை மட்டும் அசைத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

அன்றிலிருந்து மாதா மாதம் நானே வாங்கி, ஏழு நாள் கட்டங்கள் உள்ள பெட்டியில் வேளை வாரியாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர்கள் மூடியைத் திறந்து கொடுத்தால் போதும். இரண்டு ஆண்டுகளாக ஒரு வேளைகூடத் தவறவில்லை.


அளவுகோல் எழுதியது:

மூத்தவன் ஐயா, லெவோடோபா விஷயத்தில் உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். தாமதமும் கூடாது. பார்க்கின்சன் நோயாளிக்கு "காலை மருந்துச் சுற்று" என்று எட்டிலிருந்து பத்துக்குள் எப்போதாவது கொடுப்பது சரிவராது. எழுதியிருக்கும் மணிக்கு அரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தள்ளுவண்டி அவருடைய அறைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது, அவருடைய மாத்திரையை முதலில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றிக் கவலையோடு சொல்கிறேன். பெட்டியில் கலந்த பிறகு எந்த வெள்ளை மாத்திரை எது என்று கொடுப்பவருக்குத் தெரியாது. அட்டவணையோடு ஒப்பிட வழியில்லை. மருத்துவர் ஒன்றை நிறுத்தச் சொன்னால் எதை எடுப்பார்கள்? தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் அட்டையோடு போய்விடுகின்றன. திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் கண்டுபிடிக்க முடியாது. தவிர, சில மருந்துகள் அட்டையிலிருந்து பிரித்தாலே கெடும். வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை உறிஞ்சும். இரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகாட்ரான் தன் சொந்தப் பொதியில்தான் இருக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை அதன் கண்ணாடிக் குப்பியை விட்டு வெளியே இருந்தால் வீரியம் குறைந்துவிடும்.

நீங்கள் வாங்குங்கள், தவறே இல்லை. கடை ஒட்டிய லேபிளோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, வரவுப் பதிவில் அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள்.


மூத்தவன் எழுதியது:

பெட்டியில் எது எது என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்தில் தாள் ஒட்டியிருக்கிறேன்.

எழுதிய பிறகுதான் யோசித்தேன். நான் நோயில் படுத்துவிட்டால் அந்தப் பெட்டியை யார் நிரப்புவார்கள் என்று தெரியவில்லை. தம்பிக்கு ஒரு மாத்திரையின் பெயர்கூடத் தெரியாது.


வெள்ளைத்தாள் எழுதியது:

இல்லம் ஒன்றை நடத்தும் பொறுப்பில் இருக்கிறேன். மூத்தவன் ஐயாவின் அப்பாவுக்கு நேர்ந்தது எங்கள் தரப்பின் தோல்வி. அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். நடைமுறையில் அது ஏன் நேர்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பல இல்லங்கள் 28 நாள் சுழற்சியில் மருந்து வரவழைக்கின்றன. சுழற்சி தொடங்கும்போது எல்லாம் சீராக இருக்கும். நடுவில் அளவு மாறினாலோ, ஒருவர் மருத்துவமனையிலிருந்து சில நாள் மருந்தோடு திரும்பினாலோ, அந்த ஒரு மருந்து மட்டும் மற்றவற்றுக்கு முன்பே தீரும். மற்ற அட்டைகள் நிறைந்திருப்பதால் யார் கண்ணிலும் படாது. நாங்கள் இப்போது செய்வது, ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் ஒருவர் உட்கார்ந்து கையிருப்பை எண்ணுவது. ஏழு நாளுக்குக் குறைந்தால் அன்றே சீட்டுக்கு எழுதிவிடுகிறோம். வலிப்பு மருந்து, பார்க்கின்சன் மருந்து, இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகியவற்றுக்கு அந்த எல்லை பத்து நாள். விடுமுறைகளை நாட்காட்டியில் முன்கூட்டியே வட்டமிட்டு வைக்கிறோம்.

மருந்து வந்திறங்கும் நேரமும் முக்கியம். பையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்த காலம் உண்டு. இப்போது மூன்று தாள்களை ஒப்பிடுகிறோம்: நாங்கள் கேட்டது, மருத்துவர் எழுதியது, கடை அனுப்பியது. எண்ணிக்கை, அளவு, காலாவதி, யார் பெயரில் லேபிள். மாதம் ஒருமுறையாவது ஒன்று பொருந்தாமல் இருக்கும். பெரும்பாலும் சிறிய பிழைதான், ஆனால் அதை அலமாரிக்குப் போகுமுன் பிடிப்பது எளிது.

குளிர்பதனப் பெட்டிக்குத் தனி வெப்பமானி, நாளும் பதிவு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால், உருகியபின் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். திறந்த நாளைக் குப்பியின் மேல் எழுதுகிறோம். பெரும்பாலான இன்சுலினுக்கும் கண் சொட்டு மருந்துக்கும் திறந்தபின் நான்கு வாரமே ஆயுள். தேதி எழுதாத குப்பி எங்கள் இல்லத்தில் குப்பைக்குப் போகும்.

மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு இரட்டைப் பூட்டு, தனிப் பதிவேடு, இரண்டு பேர் கையெழுத்து, ஒவ்வொரு முறையும் மீதி எண்ணிக்கை. பணி மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். ஒரு மாத்திரை குறைந்தாலும் தேடி முடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வரும்போது நீங்களாகவே இருமல் மருந்து, வலி மாத்திரை, மூலிகைத் தூள் என்று கைப்பையில் கொண்டுவந்து கொடுக்காதீர்கள். பாசத்தில் செய்கிறீர்கள் என்று தெரியும். நாங்கள் பாராசிட்டமால் கொடுத்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் கொடுக்கும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கலாம். வயதுவந்தோருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் உச்ச வரம்பு, உடல் மெலிந்த முதியவருக்கு அதைவிடக் குறைவு. எங்களிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், தாளில் ஏற்றிவிடுகிறோம்.


தனிமரம் எழுதியது:

இதுவரை எழுதிய எல்லோரும் எங்களைப் பற்றி எழுதினீர்கள். நான் இல்லத்தில் வசிப்பவன். வயது 81. என் பேத்தி சொல்லித்தந்த கணினியில் எழுதுகிறேன்.

நான் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன். என் மாத்திரைகளை இருபது ஆண்டுகளாக நானே எடுத்தேன். இங்கே வந்த முதல் நாள் எல்லாவற்றையும் ஒரு பையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைவிட மோசமானது, நெஞ்சுவலிக்கான குப்பியையும் கொண்டுபோனார்கள். இரவு இரண்டு மணிக்கு வலி வந்தது. மணியை அழுத்தினேன். பணியாளர் வந்து, சாவி வைத்திருப்பவரைத் தேடி, அலமாரியைத் திறந்து, தாளைப் பார்த்து, குப்பியோடு திரும்பி வர ஆன நேரத்தை நான் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினான்கு நிமிடம்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் நிதானமாகப் பேசினேன். அவர் நல்லவர், கேட்டுக்கொண்டார். அதன் பிறகு மருத்துவர் என்னைச் சோதித்தார்: மாத்திரைகள் எதற்கென்று தெரிகிறதா, மூடியைத் திறக்க முடிகிறதா, நேரம் நினைவிருக்கிறதா என்று. இப்போது என் அறையில் பூட்டும் இழுப்பறை இருக்கிறது, சாவி என்னிடம். நெஞ்சுவலிக் குப்பி சட்டைப் பையில். வாரத்துக்கொருமுறை செவிலியர் வந்து என்னோடு சேர்ந்து எண்ணுகிறார். மூன்று மாதத்துக்கொருமுறை மறுபடி சோதிப்பார்கள். ஒருநாள் என்னால் முடியாமல் போகும், அப்போது ஒப்படைத்துவிடுவேன்.

மகளே, உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா? புதிய மாத்திரையைப் பார்த்து "இது ஏன் இரண்டு?" என்று அவருக்கே தோன்றியிருக்கலாம். எங்களிடம் யாராவது கேட்டால் சொல்வோம்.


கடைக்குட்டி மகள் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று போனபோது அம்மாவிடம் கேட்டேன். "புதுசா ஒண்ணு கொடுக்கிறாங்களேன்னு நினைச்சேன், டாக்டர் சொல்லியிருப்பார்னு விட்டுட்டேன்" என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். மூன்று ஆண்டுகளில் மருந்தைப் பற்றி நான் அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. எப்போதும் அலுவலகத்தில்தான் கேட்டிருக்கிறேன்.


நடுவழி எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மாமியாருக்கு மறதி நோய். மாத்திரையைத் துப்பிவிடுகிறார். பொடித்து உணவில் கலந்து கொடுக்கலாமா என்று இல்லத்தில் கேட்கிறார்கள். சரி என்று சொல்லிவிடலாமா?


அளவுகோல் எழுதியது:

உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். இதில் இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, பொடிக்கலாமா என்பது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் 12 அல்லது 24 மணி நேரத்துக்கான அளவு ஒரே நேரத்தில் உடலில் இறங்கும். வயிற்று அமிலத்தைத் தாண்டிப் போகும்படி மேற்பூச்சுப் போட்ட மாத்திரையைப் பொடித்தால் மருந்து வீணாகும் அல்லது வயிறு புண்ணாகும். பல மருந்துகளுக்குத் திரவ வடிவம், கரையும் வடிவம், ஒட்டும் வடிவம் இருக்கின்றன. முதலில் மருந்தாளுநரிடம் அதைக் கேட்க வேண்டும். அதற்கும் முன்பு, அவர் ஏன் துப்புகிறார் என்று பார்க்க வேண்டும். வாய்ப்புண்ணா, பல்செட் பொருந்தவில்லையா, விழுங்கும் தசை தளர்ந்துவிட்டதா, மாத்திரை பெரியதா? நாளின் வேறு நேரத்தில் கேட்டால் வாங்கிக்கொள்கிறாரா? ஒருவேளை அந்த மருந்தே இனி தேவையில்லாமலும் இருக்கலாம். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பீர்ஸ் பட்டியல் 1991இல் முதன்முதலாக வந்தது, அதுவும் இல்லங்களில் வசிப்பவர்களை மனதில் வைத்தே. மருந்துகளைக் குறைப்பதும் வைத்தியம்தான்.

இரண்டாவது கேள்வி, அவருக்குத் தெரியாமல் கொடுப்பது. புரிந்துகொண்டு மறுப்பவருக்கு மறைத்துக் கொடுப்பது கூடவே கூடாது, அவர் மறுக்கலாம். முடிவெடுக்கும் திறன் இல்லை என்று மருத்துவர் மதிப்பிட்டு, குடும்பம், செவிலியர், மருந்தாளுநர் எல்லோரும் கூடிப் பேசி, எந்த மருந்து, எந்த முறையில், எதுவரை என்று எழுதி வைத்தபிறகே செய்ய வேண்டும். உங்களிடம் வாய்மொழியாக வாங்கும் "சரி" அதற்கு ஈடாகாது.


இரவுப்பணி எழுதியது:

துப்பும் பெரியவர்களோடு நாள்தோறும் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல். அவர் ஒருமுறை மறுத்தால் நான் விட்டுவிடுவேன். இருபது நிமிடம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த பேச்சைப் பேசிவிட்டுக் கேட்பேன். பாதிப் பேர் வாங்கிக்கொள்வார்கள். அதுவும் முடியாவிட்டால் தாளில் "மறுத்தார்" என்று குறியீட்டோடு எழுதி, காரணத்தையும் எழுதுவேன். கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் பெரிய தீங்கு. வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும் அடுத்தவருக்கு, கொடுத்துவிட்டு எழுத மறந்தார்களா, கொடுக்கவே இல்லையா என்று தெரியாது. கொடுத்தால் இரட்டை டோஸ், விட்டால் தவறிய டோஸ்.

"தேவைப்பட்டால்" என்று எழுதும் மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதற்குத் தேவைப்பட்டால்? வலியைச் சொல்லத் தெரியாதவர் வலியை எப்படிக் காட்டுவார்? இரண்டு வேளைக்கு இடையே எத்தனை மணி நேரம்? நாளுக்கு அதிகபட்சம் எத்தனை? இவை இல்லாத சீட்டு என் கையில் கிடைத்தால் நான் மருத்துவரிடம் திருப்பிக் கேட்பேன். கொடுத்த ஒரு மணி நேரத்தில் பலன் இருந்ததா என்றும் எழுதுவேன். மனக்கலக்கத்துக்கான மாத்திரைகள் இப்படி "தேவைப்பட்டால்" என்று தொடங்கி, இரவில் யாரும் சத்தமிடக் கூடாது என்பதற்காகத் தினமும் கொடுக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பொறுக்காது.

வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டையைப் பற்றியும் கவனம் வேண்டும். 72 மணி நேரத்துக்கொருமுறை மாற்றுவது. புதியதை ஒட்டுமுன் பழையதைத் தேடி எடுக்க வேண்டும். முதுகில் ஒன்று, தோளில் ஒன்று என இரண்டோடு மயங்கிக் கிடந்த ஒருவரை நான் தூக்கியிருக்கிறேன். உடலின் படம் வரைந்த தாளில் எங்கே ஒட்டினோம் என்று குறிக்க வேண்டும். அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். எடுத்த பட்டையிலும் மருந்து மீதம் இருக்கும், ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும்.


கடைக்குட்டி மகள் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

இல்லத்தில் மேற்பார்வையாளர், செவிலியர், மருந்தாளுநர், நான், அம்மா என ஐந்து பேரும் உட்கார்ந்தோம். அம்மாவும் இருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது முதலில் தயங்கினார்கள், பிறகு நாற்காலி போட்டார்கள். குற்றம்சாட்டும் குரலில் பேசக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்து, பொடி எழுத்தை மட்டும் விரலால் காட்டினேன். செவிலியர் சற்று நேரம் பேசவில்லை. "அந்தத் தாளில் சேர்த்தது நான்தான்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுதார், நானும்.

அம்மாவின் பட்டியலில் 11 மருந்துகள் இருந்தன. அன்றைக்கு 8 ஆனது. இரட்டிப்பான அம்லோடிபின் போனது. மருத்துவமனையில் மட்டும் தேவைப்பட்ட வயிற்று மாத்திரை ஒன்று போனது. ஏன் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாத தூக்க மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார், இப்போது கடைசிப் படியில் இருப்பதால் பட்டியலில் தனியாக வைத்திருக்கிறார்கள். மீதி எல்லாம் பொதுப்பெயரில், எதற்கென்ற காரணத்தோடு புதிய தாளில் இருக்கின்றன. மருந்து வாங்குவது இல்லத்திடமே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். மாதத்தின் முதல் வாரம் வரவை எண்ணும்போது நானும் உடன் இருப்பேன், அதற்கு ஒப்புக்கொண்டார்கள்.

அந்தத் தாளின் நகல் ஒன்று அம்மாவின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, அவர் கேட்டுக்கொண்டதால். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று வராந்தா முடிவுவரை நடந்தார்.


மூத்தவன் எழுதியது:

நல்ல செய்தி சகோதரி. நானும் அப்பாவின் பெட்டியை நிறுத்திவிட்டேன். அட்டைகளை லேபிளோடு கொடுக்கிறேன். பத்து நாள் கையிருப்பு எல்லையை எழுதி வாங்கிக்கொண்டேன். தம்பியையும் கூட்டிப்போய் எண்ணச் சொன்னேன்.

அளவுகோல் ஐயா, லெவோடோபா தவறாமல் அரை மணிக்குள் தருவதாக எழுதித் தந்திருக்கிறார்கள், ஆனால் மதிய வேளை பணி மாறும் நேரத்தில் வருகிறது. அந்த வேளை மட்டும் இந்த வாரம் இரண்டு முறை தாமதமானது. நேரத்தை மாற்றச் சொல்லலாமா?


அளவுகோல் எழுதியது:

இல்லத்தின் வசதிக்காக மருந்தின் நேரத்தை நகர்த்த வேண்டாம், மருத்துவர் அப்பாவின் உடலைப் பார்த்து வகுத்த நேரம் அது. போகும் பணியாளர் அதைக் கொடுத்துவிட்டுத்தான் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் பாருங்கள். மறுபடி தவறினால் நேரம், நிமிடத்தோடு குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள், இல்லத்துக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று பார்ப்போம்.